அம்மா மரத்துலயே முளைக்கிற விதை!

செமஸ்டர் லீவு விட்டாச்சு. 'எங்கடா போகலாம்?'னு கேட்டா, கேங்குல எட்டு பேர் இருந்தா ஏழு பேர் ஊட்டி, கொடைக்கானல்னுதான் ஆரம்பிப்பாங்க. எட்டாவது ஆள் 'கோவா'ம்பான். அவன்கிட்ட டவுன் பஸ்ஸுக்குக்கூட சில்லறை இருக்காது!

இந்த வாட்டி அவங்க எல்லாரையும் ஓரமா உட்கார வெச்சுட்டு, முத்துப்பேட்டைக்கு ஒரு டிக்கெட் எடுங்க. கூடவே ஒரு சினிமாவும் பார்த்துட்டுப் போங்க. ஊர் தஞ்சாவூர் டெல்டாவோட கடைசி முனையில இருக்கு. படம் மலேசியாவுல எடுத்தது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு பாஸ். முதல்ல பஸ் ஏறுங்க, சொல்றேன்.

தஞ்சாவூர்லேர்ந்து மன்னார்குடி வழியா வரலாம். திருத்துறைப்பூண்டியிலேர்ந்தும் வரலாம், பட்டுக்கோட்டையிலேர்ந்தும் வரலாம். திருவாரூர் - காரைக்குடி ரயில் பாதையிலயும் முத்துப்பேட்டைக்கு ஸ்டேஷன் உண்டு. எனக்குக் கேட்டா, மன்னார்குடி ரூட்ல ஜன்னல் சீட்! நீடாமங்கலம் பக்கத்துல மூணாறு தலைப்புன்னு ஒரு இடம். அங்க வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணாப் பிரியற தண்ணி, வயலுக்கு வயல் பாஞ்சு, மதகுக்கு மதகு கையைக் காட்டிட்டு, கடைசியா வந்து சேர்ற பக்கம் இதுதான். விவசாயிங்க பாஷையில கடைமடை. மேட்டூர்ல தண்ணி திறந்தா பேப்பர்ல முதல் பக்கத்துல போட்டோ வந்துடும். தண்ணி மட்டும் இந்த ஊருக்குக் கடைசியாத்தான் வரும். சில வருஷம் வராமலே போகும்.

நெல்லு வயல் முடிஞ்சு தென்னந்தோப்பு ஆரம்பிக்கும். காத்துல உப்பு வாசனை லேசா ஏறும். அப்ப இறங்கிடுங்க, முத்துப்பேட்டை வந்தாச்சு.

சபுராளி ஊரு!

கடைத்தெருவுல ஒரு டீயைக் குடிச்சுக்கிட்டு சுத்திப் பாருங்க. ஒரு பக்கம் பள்ளிவாசல் மினாரா, இன்னொரு பக்கம் கோயில் கோபுரம். பாங்கு சத்தமும் கோயில் மணியும் ஒரே காத்துலதான் வருது. நடுவுல வரிசையா டிராவல்ஸ் ஆபீஸ். விமான டிக்கெட், விசா, பாஸ்போர்ட்னு போர்டு. இவ்வளவு சின்ன ஊருக்கு எதுக்கு இத்தனைன்னு தோணும்.

இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகள்ல 'சபுராளி'ன்னு ஒரு வார்த்தை உண்டு. சபர்னா பயணம். கடல் தாண்டி சம்பாதிக்கப் போனவர் சபுராளி. இன்னிக்கு துபாய், சவுதி, சிங்கப்பூர். தாத்தா காலத்துல மலேயா, பர்மா. அதுக்கும் முந்தி, இங்கேர்ந்து இலங்கைக்கு அரிசி ஏத்திக்கிட்டுப் பாய்மரத் தோணிங்க போய் வந்த சின்னத் துறைமுகம் இது. ஒரு வீட்டுல ஒருத்தராவது கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பார்.

போனவங்க எல்லாரும் திரும்பி வந்துட்டாங்களா? இல்ல. நாகூர், காரைக்கால், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைன்னு இந்தச் சோழக்கரையிலேர்ந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தமிழ் முஸ்லிம்கள்ல பலர் அங்கயே மலாய்ப் பெண்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அவங்க வாரிசுகளுக்கு அங்க ஒரு தனிப் பேரே இருக்கு: ஜாவி பெரனாக்கான். 1876-ல சிங்கப்பூர்ல அந்தப் பேர்லயே ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாங்க. மலாய் மொழியில வந்த முதல் செய்தித்தாள் அதுதான். அப்பா வழியில தமிழ், அம்மா வழியில மலாய்னு ரெண்டு பாஷையும் பழகின பிள்ளைங்கதான் ஒரு மொழிக்கே முதல் பேப்பரைக் கொடுத்தாங்கன்னா பாத்துக்குங்களேன்!

இதை ரொம்ப ரொமான்டிக்கா எடுத்துக்கவும் வேணாம். அங்க ஒரு குடும்பம் உண்டானப்ப, இங்க ஏற்கெனவே ஒரு குடும்பம் கடிதாசியை எதிர்பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்த கதைகளும் இந்தக் கரை முழுக்க உண்டு. கடல் தாண்டுற உரிமை ஆம்பளைக்கு இருந்துச்சு. வாசல்படி தாண்டுற உரிமை பொம்பளைக்குக் குறைவாத்தான் இருந்துச்சு.

இன்னொண்ணையும் கவனிங்க. அந்தக் கல்யாணங்கள்ல இனம் வேற, மொழி வேற, சாப்பாடு வேற. ஆனா மதம் ஒண்ணு. அதனால கடலைத் தாண்டினதுகூடப் பெரிய விஷயமா இல்ல. அதுவே மதம் வேறயா இருந்தா? பக்கத்துத் தெருவுக்குத் தாண்டறதுகூட கடலைத் தாண்டறதைவிடக் கஷ்டம்!

இப்ப அந்தப் படத்துக்கு வருவோம்.

மோட்டார் பைக்குல வந்த பையன்

'டேலன்டைம்'. 2009-ல வந்த மலேசியப் படம். எடுத்தவர் யாஸ்மின் அகமதுன்னு ஒரு பெண் இயக்குநர். இதுக்கு முன்னாடி அவங்க எடுத்த 'செபெட்' படத்துல ஒரு மலாய்ப் பொண்ணும் சீனப் பையனும் காதலிப்பாங்க. 2005-ல டோக்கியோ திரைப்பட விழாவுல அது சிறந்த ஆசியப் படம்னு விருது வாங்கிச்சு. உள்ளூர்லயும் சிறந்த படம் விருது. அதே சமயம் 'எங்க பொண்ணை எப்படி இப்படிக் காட்டலாம்?'னு திட்டும் வாங்கிச்சு.

'டேலன்டைம்'ல பையன் நம்ம ஆளு. பேரு மகேஷ். தமிழ் இந்துக் குடும்பம். அப்பா இல்ல, அம்மாவும் அக்காவும்தான். அவனுக்குக் காது கேக்காது, பேச முடியாது. பள்ளிக்கூடத்துல பாட்டுப் போட்டி. போட்டிக்குத் தேர்வான மெலூர்ங்கற பொண்ணை ஒத்திகைக்கு பைக்ல கூட்டிட்டுப் போறது அவன் வேலை. மெலூர் மலாய் முஸ்லிம் வீட்டுப் பொண்ணு, ரத்தத்துல கொஞ்சம் இங்கிலீஷும் கலந்தவ. வழியெல்லாம் இவ பேசிக்கிட்டே வர்றா. அவன் பதிலே சொல்லல. 'திமிரு பிடிச்சவன்'னு அவளுக்குக் கோபம். அப்புறம்தான் விஷயம் தெரியுது. பாட்டுப் பாடற பொண்ணு, அதைக் கேக்கவே முடியாத பையன்!

ரெண்டு வீட்டையும் யாஸ்மின் காட்டற விதம்தான் படத்தோட உயிர். மெலூர் வீட்டுல எப்பவும் சிரிப்பு, கிண்டல், கூச்சல். அப்பாவும் அம்மாவும் பிள்ளைங்களோட சேர்ந்து கலாய்ப்பாங்க. வீட்டு வேலை பாக்கற சீனப் பெண்ணை வீட்டு ஆளாவே நடத்துவாங்க. மகேஷ் வீட்டுல எல்லாமே ஒரு பயத்துக்குள்ள அடங்கிக் கிடக்கும். அந்த அம்மா கெட்டவங்க இல்ல. படத்து நடுவுல அவங்க தம்பி கணேஷுக்குக் கல்யாணம். அன்னிக்கே பக்கத்து முஸ்லிம் வீட்டுல ஒரு சாவு. கல்யாணச் சத்தமும் ஒப்பாரியும் ஒரே தெருவுல மோதி, தகராறாகி, மாப்பிள்ளையோட உயிரே போயிடும். அதுக்கப்புறம், 'நான் ஒரு முஸ்லிம் பொண்ணைக் காதலிக்கிறேன்'னு அந்த அம்மாகிட்ட பையன் எப்படிச் சொல்லுவான்? அவனுக்குத்தான் வாயும் இல்லையே!

செத்துப்போன அந்த மாமாவும் சின்ன வயசுல ஒரு முஸ்லிம் பொண்ணைக் காதலிச்சவர்தான்னு பின்னாடி தெரிய வரும்போது, கர்ச்சீப் பக்கத்துல இருக்கறது நல்லது.

படம் வந்த நாலே மாசத்துல, 2009 ஜூலை 25-ந் தேதி, யாஸ்மின் 51 வயசுல காலமாயிட்டாங்க. கடைசிப் படத்துல தமிழ்ப் பையனுக்குப் பேச்சே கொடுக்காம, நம்ம எல்லாரையும் பேச வெச்சுட்டுப் போனாங்க.

முத்துப்பேட்டைக்கும் இந்தக் கதை தெரியாததில்லை. 1990-கள்லேர்ந்து பிள்ளையார் ஊர்வலம் வந்தாலே ஊருல போலீஸ் வேனுங்க வரிசை கட்டி நிக்கிறது வழக்கமாப் போச்சு. ஒரு பக்கத்துச் சத்தம், இன்னொரு பக்கத்து மௌனம். இதே ஊர்ல ஜாம்புவானோடை தர்காவுக்குப் போய்ப் பாருங்க. கந்தூரி சமயத்துல மட்டுமில்ல, சாதாரண நாள்லயும் எல்லா மதத்துக்காரங்களும் வந்து கண்ணை மூடி நிக்கிறாங்க. ஒரே ஊரு, ரெண்டு முகம். நம்ம எல்லா ஊரும் அப்படித்தான்னு வையுங்க.

படகு கிளம்பியாச்சு!

அந்த ஜாம்புவானோடைக்குப் பக்கத்துலதான் படகுத்துறை. வனத்துறை ஆபீஸ்ல முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிட்டா, படகு ஏற்பாடாயிடும். கோரையாத்துல கிளம்பினதும் ரெண்டு பக்கமும் பச்சைச் சுவரு மாதிரி மரங்க நெருங்கி வரும். 'கையை வெளிய நீட்டாதீங்க தம்பி'ன்னு படகுக்கார அண்ணன் சொல்லுவார். கேளுங்க.

இதுதான் அலையாத்திக் காடு. பிச்சாவரம் சினிமாவால பிரபலம். ஆனா தமிழ்நாட்டுலயே பெரிய அலையாத்திக் காடு முத்துப்பேட்டையோடதுதான். காப்புக்காடு மட்டும் சுமார் 12,000 ஹெக்டேர். அதுல மரம் அடர்ந்து நிக்கிறது ஒரு பகுதி. மத்தது சேறு, உப்பளம், காயல். தில்லை, நரிக்கண்டல்னு வேற மரங்களும் உண்டு. ஆனா கண்ணுல படறதுல பெரும்பாலானது ஒரே மரம்தான், அலையாத்தி.

பேரை ஒருதரம் சத்தமாச் சொல்லிப் பாருங்க. அலையை ஆத்துறது அலையாத்தி! சூடான பாலை டம்ளர்ல ஆத்தற மாதிரி, கோபமா வர்ற அலையை ஆத்தி அனுப்பற மரம். எவ்வளவு அழகான பேரு வெச்சிருக்காங்க பாருங்க நம்ம ஆளுங்க.

தமிழ் சினிமாவுக்கு அலைன்னா வேற ஞாபகம். 1981-ல பாரதிராஜாவோட 'அலைகள் ஓய்வதில்லை'. கார்த்திக்குக்கும் ராதாவுக்கும் முதல் படம். அய்யர் வீட்டு விச்சு, கிறிஸ்தவப் பணக்கார வீட்டு மேரி. அண்ணனோட கண்டிப்புக்குள்ள வளர்ந்த பொண்ணு, விச்சுவோட அம்மாகிட்ட பாட்டுக் கத்துக்க வர்றா. கன்னியாகுமரி பக்கத்து முட்டம் கடற்கரையில எடுத்தாங்க. அந்தப் பாறையில மோதற அலையும் இளையராஜாவும் சேர்ந்து ஒரு தலைமுறையையே புரட்டிப் போட்டாங்க. கடைசியில அவன் பூணூலையும் அவ சிலுவையையும் கழட்டி வீசிட்டு, ரெண்டு பேரும் கைகோத்து நடப்பாங்க. தியேட்டர்ல விசில் பறந்துச்சு. உங்க அப்பா, அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, மூஞ்சி சிவக்கும்!

அங்க அலை ஓயாது. இங்க அலையை ஆத்துற காடு. காதலிக்கற வயசுல இருக்கற உங்களுக்கு எந்தக் கட்சி? யோசிச்சுக்கிட்டே வாங்க.

பொத்திப் பொத்தி வளர்க்கறது எதுவரைக்கும்?

படகை ஓரமா நிறுத்தச் சொல்லி ஒரு இலையைத் திருப்பிப் பாருங்க. வெள்ளைவெள்ளையா உப்பு பூத்திருக்கும். வேர் வழியா ஏறின உப்பை இலை வழியா வெளிய தள்ளிடுது இந்த மரம். கீழ சேத்துல பாத்தா, ஆயிரக்கணக்குல பென்சில் நட்ட மாதிரி குச்சிகுச்சியா மேல நீட்டிக்கிட்டிருக்கும். அது மூச்சு வேர். சேத்துக்குள்ள காத்து கிடையாது. அதனால வேரே தலையை வெளிய நீட்டி மூச்சு வாங்குது.

எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிடற விஷயம் இதோட விதைதான். வேற மரத்துல காய் பழுத்து, விழுந்து, மண்ணுக்குள்ள போய் அப்புறம்தான் முளைக்கும். இந்த உப்புச் சேத்துல அப்படி விழுந்தா பிழைக்கறது கஷ்டம். அதனால அலையாத்தி என்ன பண்ணுது தெரியுமா? காய் மரத்துல தொங்கும்போதே, உள்ளுக்குள்ள விதையை முளைக்க வெச்சுடுது! வெளியிலேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, சாதாரணக் காய் மாதிரிதான் இருக்கும். மழைக்காலத்தை ஒட்டி கீழ விழும். தண்ணியில ஊறினதும் தோல் உரியும். உள்ள மடிச்சு வெச்ச இலை தயாரா இருக்கும். கொஞ்ச நாள் மிதக்கும். தோதான சேறு கிடைச்ச இடத்துல வேரை ஊன்றிக்கும்.

பொத்திப் பொத்தி வளர்க்கறதுன்னா இதுதான் பாஸ். முளைக்கற வரைக்கும் மரத்தோட பொறுப்பு. முளைச்சதும் விட்டுடணும். விடாமப் பிடிச்சுக்கிட்டே இருந்தா அந்த விதைக்கு மண்ணே கிடைக்காது.

உங்கள்ல பலருக்கு இந்த வீட்டுப் பாசம் நல்லாவே தெரியும். லேடீஸ் ஹாஸ்டல் கேட்டு ஆறு மணிக்கே மூடும், ஜென்ட்ஸ் ஹாஸ்டல் கேட்டு எப்ப மூடும்னு வாட்ச்மேனுக்கே தெரியாது. போன்ல யாரு, எதுக்கு, எவ்வளவு நேரம்னு விசாரணை. ஆண்பிள்ளைங்களுக்கும் வேற மாதிரி பூட்டு இருக்கு: 'நம்ம ஆளுங்களோட மட்டும் சேரு.' அப்பா, அம்மா மேல கோபப்பட்டுப் பிரயோஜனமில்ல. மகேஷோட அம்மா மாதிரி, அவங்க எல்லாருக்கும் ஏதோ ஒரு பழைய பயம். அந்தப் பயத்துக்கு ஒரு காரணமும் இருக்கும்.

ஆனா அந்தப் பயம் மட்டுமே வீட்டை ஆண்டா என்ன ஆகும்? அதுக்கும் இந்தக் காட்டுலயே பதில் இருக்கு.

தேங்கின தண்ணி

படகுலேர்ந்து பாக்கும்போது, பச்சைக்கு நடுவுல சில இடங்கள் மொட்டையா, வெள்ளையா வெறிச்சுக் கிடக்கும். வெள்ளைக்காரன் காலத்துல வரிசையாப் பங்கு பிரிச்சு விறகுக்காக இந்தக் காட்டை மொட்டையடிச்சாங்க. 1937-ல காப்புக்காடுன்னு அறிவிச்ச பிறகும் வெட்டு நிக்கல, 1970-கள் வரைக்கும் நடந்துச்சு. மரம் போனதும் வெயில் நேரா சேத்துல விழுந்துச்சு. ஈரம் சுண்டி நிலம் அமுங்கி, தட்டு மாதிரி குழிஞ்சு போச்சு. ஓதத்துல உள்ள வந்த கடல் தண்ணி வெளிய போக வழியில்லாம அங்கயே தேங்கிச்சு. தேங்கின தண்ணி காஞ்சு உப்பு ஏறிக்கிட்டே போச்சு. உப்பைத் தின்னு வாழற அலையாத்தியே தாங்க முடியாத அளவுக்கு உப்பு!

தேங்கினதுதான் கொன்னுச்சு, கடல் உள்ள வந்ததால இல்ல.

1990-கள்ல வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் பக்கத்துக் கிராமத்து மக்களோட சேர்ந்து இதுக்கு வைத்தியம் பாத்தாங்க. சுவரு கட்டல. வாய்க்கால் வெட்டினாங்க. நடுவுல ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் மீன் முள்ளு மாதிரி சாய்வா சின்ன வாய்க்கால்கள். ஓதம் உள்ள வந்து, கழுவிட்டு, திரும்பிப் போச்சு. உப்பு குறைஞ்சுது. வாய்க்கால் சரிவுல விதையை ஊன்றினாங்க; முழுகியும் போகாம காஞ்சும் போகாம நடு மட்டத்துல. காடு திரும்பி வந்துச்சு. இந்த ஊர்க்காரங்களுக்கு வாய்க்கால் புதுசும் இல்ல. காட்டுக்குள்ள வாய்க்கால் வெட்டி மடவையும் இறாலும் பிடிக்கறது அவங்களுக்கு ரொம்ப நாள் பழக்கம்.

அலையாத்திக்குக் கடல் மட்டும் இருந்தாலும் ஆகாது. மேலேர்ந்து காவிரித் தண்ணியும் வரணும். உப்பும் இனிப்பும் கலக்கற இடத்துலதான் இது செழிக்கும். மேட்டூர்லேர்ந்து தண்ணி வராத வருஷம் வயல் மட்டுமில்ல, இந்தக் காடும் வாடுது.

வீடும் அப்படித்தான்னு சொன்னா ஓவராத் தெரியுதா? மெலூர் வீட்டை நினைச்சுப் பாருங்க. அங்க எல்லாரும் வர்றாங்க, போறாங்க, பேசறாங்க. அவளுக்கும் கஷ்டம் வருது. ஆனா சொல்றதுக்கு ஆள் இருக்கு. மகேஷ் வீட்டுல துக்கம் உள்ள வந்துச்சு, வெளிய போக வாய்க்கால் இல்ல.

கிளைமாக்ஸுக்கு அப்புறம்?

விச்சுவும் மேரியும் கைகோத்து நடந்தாங்களே, அப்புறம் எங்க போனாங்க? அன்னிக்கு ராத்திரி எங்க சாப்பிட்டாங்க? விசில் அடிச்ச யாரும் கேக்கல. 1995-ல மணிரத்னத்தோட 'பம்பாய்' கொஞ்சம் கேட்டுச்சு. ஊரை விட்டு ஓடி வந்த இந்துப் பையனும் முஸ்லிம் பொண்ணும் பதிவுத் திருமணம் பண்ணி, இரட்டைக் குழந்தை பெத்து, 1992-93 கலவரத்துல அந்தக் குழந்தைகளைத் தொலைச்சுட்டுத் தேடினாங்க. காதலிச்சுட்டா கதை முடியாது, அங்கதான் ஆரம்பிக்குதுன்னு அந்தப் படம் சொல்லிச்சு.

நிஜத்துல 2016 மார்ச் 13-ந் தேதி உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பட்டப்பகல்ல நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் பையன் கொலை செய்யப்பட்டப்ப இன்ஜினீயரிங் மாணவன். அதுல மதம்கூட வேற இல்ல, சாதிதான் வேற. அதனால இந்த விஷயத்தைப் பாட்டோட முடிச்சுக்க முடியாது. கொஞ்சம் சட்டமும் தெரிஞ்சுக்குங்க.

மலேசியாவுல மகேஷும் மெலூரும் வளர்ந்து கல்யாணம் பண்ணிக்கணும்னா, அந்த நாட்டுச் சட்டப்படி அவன் மதம் மாறியாகணும். யாஸ்மினோட காதலர்கள் கண்ணுல எப்பவும் ஒரு சோகம் இருக்கறதுக்கு இதுவும் காரணம். நம்ம நாட்டுல 1954-லேர்ந்து சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கு. மதம் மாறாமலே கல்யாணம் பண்ணிக்கலாம். பொண்ணுக்கு 18, பையனுக்கு 21 முடிஞ்சிருக்கணும். ரெண்டு பேர்ல ஒருத்தராவது குறைஞ்சது 30 நாள் குடியிருந்த மாவட்டத்துல விண்ணப்பம் கொடுக்கணும். அந்த நோட்டீஸைப் பதிவு ஆபீஸ்ல எல்லாரும் பாக்கற மாதிரி ஒட்டுவாங்க. ஆட்சேபணை சொல்ல 30 நாள் அவகாசம்.

அந்த 30 நாள்தான் பல ஜோடிகளுக்குப் பயம். நோட்டீஸ் போர்டைப் பாத்துட்டு வீட்டுக்குப் போன் போட ஆள் இருக்கே! 2018 மார்ச்சுல 'சக்தி வாஹினி' வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு: வயசு வந்த ரெண்டு பேர் சம்மதிச்சா போதும், குடும்பமோ, சமூகமோ, பஞ்சாயத்தோ சம்மதிக்கணும்னு அவசியமில்ல. இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்க மாவட்டத்துக்கு ஒரு தனிப் பிரிவு வேணும்னும் சொல்லிச்சு. ஆபத்துன்னு தோணினா போலீஸ்கிட்ட பாதுகாப்புக் கேக்கறது உங்க உரிமை. யாரோ போடற தயவு இல்ல.

சட்டம் வாய்க்கால் மாதிரி. தண்ணி போக வழி விடும். ஆனா விதைக்குள்ள முளை இருக்கான்னு அதால பாக்க முடியாது. படிப்பு, கையில ஒரு வேலை, கூட நிக்க நாலு பேர், மூணு மாசம் சண்டை போட்டும் மறுபடி பேசற அளவுக்குப் பழக்கம்... இதெல்லாம்தான் முளை. 17 வயசுல வர்ற முதல் காதல் பொய்னு சொல்ற பெருசுங்க பேச்சை நம்பாதீங்க. அது நிஜம். ஆனா நிஜமா இருக்கறது வேற, தயாரா இருக்கறது வேற. அலையாத்தி காயைப் பாருங்க, உள்ளுக்குள்ள வேலை நடக்கும்போது வெளிய எவ்வளவு அமைதியாத் தொங்கிட்டிருக்கு!

காயல் திறக்குது

ஆறு அகலமாகி, சட்டுனு ரெண்டு பக்கமும் மரம் விலகி, கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணியா விரியும். அதுதான் காயல். ஊர்க்காரங்க லகூன்னே சொல்றாங்க. இடுப்பளவு ஆழம்கூட இல்லாத இடங்கள் நிறைய. சீசன்ல வந்தா பூநாரைக் கூட்டம் ரோஸ் கலர்ல நிக்கும். கோடியக்கரையோட சேர்த்து இந்தப் பக்கத்து ஈரநிலத்துக்கு 2002-ல ராம்சார் அங்கீகாரம் கிடைச்சது சும்மா இல்ல.

2018 நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில கஜா புயல் வந்தப்ப, இந்தக் காடுதான் முதல் அடியை வாங்கிக்கிட்டுது. ஒடிஞ்சதும் வேரோட சாஞ்சதும் போக, நின்ன மரங்கள்லயும் இலை இல்ல. பச்சைக் காடு ஒரே ராத்திரியில குச்சிக் காடாச்சு. ஊருக்குள்ள தென்னை மரங்க கும்பல் கும்பலா விழுந்து கிடந்துச்சு. அன்னிக்கு இந்துத் தெரு, முஸ்லிம் தெருன்னு பாத்தா புயல் அடிச்சுது? எந்தத் தெருவுலயும் கரன்ட் இல்ல, எல்லாத் தெருவுலயும் தண்ணிக்குக் குடம் வரிசையில நின்னுச்சு.

ஆத்துற மரமும் அடி வாங்கும். அடி வாங்கின இடத்துல மறுபடி விதை மிதந்து வந்து ஊன்றணும். நேரம் ஆகும். மனுஷங்களுக்கும் அதே கணக்குதான்.

சரி, போறவங்களுக்கு நாலு டிப்ஸ். மழை விட்டு ஜனவரி, பிப்ரவரியில வாங்க. வெயிலும் தாங்கும், பறவைகளும் இருக்கும். காலையில சீக்கிரமே படகு ஏறுங்க. குடிக்கத் தண்ணி கொண்டு போங்க. சுத்தி எல்லாம் தண்ணிதான், ஒரு சொட்டு குடிக்க முடியாது! காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாங்க. தர்காவுக்குப் போனா தலையை மூடிக்குங்க. ஊர்ல மதியம் கொடுவா மீன் கிடைச்சா விடாதீங்க. ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்து 'டேலன்டைம்' பாருங்க, முடிஞ்சா வீட்டுல அம்மாவைப் பக்கத்துல உட்கார வெச்சு. படத்துல சில இடங்கள்ல தமிழும் பேசறதால அவங்களுக்கும் கொஞ்சம் புரியும். புரியாத இடத்துல அவங்களே கேப்பாங்க. அந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டிருந்தீங்க, இல்லையா?

கடைசியா ஒண்ணு. படகுல திரும்பி வரும்போது, தோல் உரிஞ்ச பச்சை விதை ஒண்ணு உங்க பக்கமா மிதந்து வரலாம். அழகா இருக்கேன்னு எடுத்து பாக்கெட்டுல போட்டுக்காதீங்க. எங்க ஊன்றலாம்னு அது இன்னும் தேடிக்கிட்டிருக்கு.